லா சப்பலிலிருந்து பூர்-சேன்-மொறிஸுக்கு: பனிச்சறுக்குக்காக ஊர் மாறிய கதை

"ஸ்கீ செய்யிறதுக்காகவோ பாரிசை விட்டுட்டுப் போனனீங்கள்?"

போன மாதம் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அரிசி வாங்க நின்றபோது, முன்பு எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த ஒரு அக்கா கேட்டார். ஓம் என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். இதே கேள்வி வலைப்பதிவுக்கும் அடிக்கடி வருகிறது. அதனால் 2017 பெப்ரவரியில் நாங்கள் இடம் பார்க்கப் போன அந்த ஒரு கிழமையை நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன். அல்ப்ஸ் பக்கம் குடிபோக நினைப்பவர்களுக்கு உதவும். விடுமுறைக்கு மட்டும் போகிறவர்களும் வாசிக்கலாம்.

நான் சுகி, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவள். கணவர் கேதீஸ் சமையல்காரர். மகள் ஆரணிக்கு அப்போது பதினொரு வயது. லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில், முப்பத்தொரு சதுர மீற்றர் வீட்டில் இருந்தோம். கேதீஸ் வேலை செய்த உணவகத்துக்கு எங்கள் வாசலில் இருந்து மூன்று நிமிட நடை. அவருடைய சிநேகிதர்கள், முடிவெட்டும் கடை, தேநீர்க் கடை எல்லாமே அந்த மூன்று நிமிடத்துக்குள்தான்.

பனிச்சறுக்கு எனக்குத் தற்செயலாக வந்தது. 2011இல் என் வேலையிடத்தில் ஊழியர்களுக்குப் பாதி விலையில் ஒரு கிழமைப் பயணம் ஒழுங்கு செய்தார்கள். ஒருத்தி கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்ல, அவளுடைய இடத்தில் நான் போனேன். முப்பத்துநான்கு வயதில், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு, மிக இலகுவான பச்சைப் பாதையில் விழுந்து விழுந்து பழகினேன். நாலாம் நாள் விழாமல் கீழே வந்து சேர்ந்தபோது என்ன நடந்தது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. வருடம் முழுக்க மற்றவர்களின் உடம்பைத் தூக்கி, திருப்பி, கழுவி, உடுத்துகிற வேலை என்னுடையது. அன்றைக்கு நான் சுமந்தது என் உடம்பை மட்டும்தான். அதுவும் பாரமாக இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு கிழமை போய்வந்தேன். ஒரு கிழமை போதாமல் வந்தது.

2016 முடிவில், அல்ப்ஸ் மலை ஊரான பூர்-சேன்-மொறிஸ் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு நிரந்தர வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். பெப்ரவரியில் நேரில் வரச் சொன்னார்கள். கடிதத்தைக் காட்டியபோது கேதீஸ் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"உமக்கென்ன விசரே? அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பேந்தென்னத்துக்குப் போறது?"

கடைசியில், பள்ளி விடுமுறையில் மூன்று பேரும் போய்ப் பார்ப்பது, பிடிக்காவிட்டால் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று ஒத்துக்கொண்டோம். அவருக்குப் பிடிக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவருக்கும் இல்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வீட்டால் இறங்கினோம். லா சப்பலில் இருந்து கார் து நோர் நிலையம் வரை நடை, அங்கிருந்து எர்-ஏ-எர் டி புறநகர் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் கார் து லியோன். ஏழே முக்காலுக்கு அதிவேக ரயில். ஒருவழிக்கு மூன்று பேருக்கும் 156 யூரோ. இரண்டு மாதத்துக்கு முன்பே பதிந்தது. கடைசிக் கிழமையில் பார்த்தவர்களுக்கு இரட்டிப்பாகக் காட்டியது. தரைவழி ஏறத்தாழ 670 கிலோமீற்றர். ஷம்பெரி தாண்டியதும் ரயில் வேகம் குறைத்துப் பள்ளத்தாக்குக்குள் வளைந்து வளைந்து ஏறும். வலப்பக்கம் இருங்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் கேதீஸ் வலப்பக்கம் இருந்து கடைசிவரை நித்திரை கொண்டார். பகல் ஒன்றைத் தாண்டி இறங்கினோம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே நான்கு பாகை.

பலர் செய்யும் பிழை, மேலே பனிச்சறுக்கு நிலையத்திலேயே அறை எடுப்பது. நாங்கள் கீழே ஊருக்குள் எடுத்தோம். சமையலறையோடு ஓர் அறை, கிழமைக்கு 690 யூரோ. விடுமுறையில் மேலே என்றால் இதைப்போல ஒன்றரை மடங்கு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தே கம்பி இழுக்கும் மலை ரயில் புறப்படும். ஏழு நிமிடத்தில் 1600 மீற்றர் உயரத்தில் விட்டுவிடும். சறுக்குப் பாதைகளுக்கான ஆறு நாள் அனுமதிச் சீட்டு எனக்கு 255 யூரோ. ஆரணிக்குக் காலை வகுப்பு ஐந்து நாளுக்கு 190. கேதீஸ் சறுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "நான் சப்பாத்தோடை நடக்கிறதே பெரிய காரியம்."

திங்கட்கிழமை நேர்முகம் நன்றாகப் போனது. பொறுப்பாளர் ஓர் அம்மா, என்னை விடக் கொஞ்சம் மூத்தவர். கேட்டதை விடச் சொன்னதுதான் கூட: ஆள் பற்றாக்குறை, காலை ஏழு மணி வேலை, பனி பெய்தால் வழியில் நின்றுவிடும் கார்கள். கடைசியில் வேலை உங்களுக்குத்தான், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்றார். அறைக்கு வந்து சொன்னேன். கேதீஸ் "நல்லது" என்றார். அவ்வளவுதான். பிறகு தொலைக்காட்சியைப் போட்டார்.

செவ்வாய் பிற்பகல் நானும் ஆரணியும் மேலே போனோம். வெயில் இல்லை. மேகம் இறங்கி, பனியும் வானமும் ஒரே வெள்ளை. இப்படிப்பட்ட வெளிச்சத்தில் தரையின் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்த பாதைதானே, இலகுவான நீலப் பாதைதானே என்று இறங்கினேன். ஒரு மேட்டில் இடது சறுக்குப் பலகை பிடிபட்டது. உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். வலி பிறகுதான் வந்தது.

ஆரணி எனக்குக் கீழே நின்றாள். பலகைகளைக் கழற்றிவிட்டு ஏறி ஓடி வந்தாள். "மமோ, பூஜ் பா!" அசையாதே என்று கத்தினாள். வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல. என்னுடைய பலகைகளை எடுத்து, எனக்கு மேலே பத்தடி தள்ளிப் பனியில் குறுக்காக நட்டாள், மேலிருந்து வருபவர்கள் விலகிப் போக. போகிற ஒருவரை மறித்து மீட்புக்காரருக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னாள். வீட்டில் ஒரு கோப்பையைக் கழுவச் சொன்னால் மூன்று தரம் கூப்பிட வேண்டிய பிள்ளை. இருபது நிமிடத்தில் மீட்புக்காரர் இருவர் வந்து, என்னைச் சறுக்குவண்டியில் கட்டிக் கீழே கொண்டுபோனார்கள். படுத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு போகும்போது முழங்காலைப் பற்றி நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமையைப் பற்றி நினைத்தேன்.

கீழே மருத்துவ நிலையத்தில் வைத்தியர் காலை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தார். முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுந்திருக்க வேண்டும், பாரிசில் ஸ்கான் எடுங்கள், அநேகமாகச் சத்திரசிகிச்சை வரும் என்றார். ஆள் தூக்குகிற வேலைக்கு ஆறு மாதம் போக ஏலாது. பனிச்சறுக்கு அடுத்த வருடம், அதுவும் பார்த்துத்தான். கேதீஸ் வந்து வாசலில் நின்றார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவர் என் சறுக்குச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டார். இரண்டு சப்பாத்தும் நாலு கிலோ வரும். தோளில் போட்டுக்கொண்டு ஆரணியின் கையைப் பிடித்தார்.

அன்று பின்னேரம் அறையில் அழுதேன். வலிக்கு அல்ல என்று அவருக்குத் தெரியும்.

புதன்கிழமை முழுக்க நான் கட்டிலில். கேதீஸ் ஆரணியை வகுப்புக்குக் கொண்டுபோய், மருந்து வாங்கி, என்னுடைய பலகைகளை வாடகைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனார். இரண்டு மணித்தியாலமாக ஆளைக் காணவில்லை. வந்தவர் தேநீர் போட்டபடி, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு எனக்கு வேலை."

"என்ன வேலை?"

கடைக்காரர் கதைத்துக்கொண்டு இருக்கும்போது இவருடைய தொழிலைக் கேட்டிருக்கிறார். பக்கத்து உணவகத்தில் சமையல்காரர் ஒருவர் பருவத்தின் நடுவில் விட்டுவிட்டுப் போய்விட்டாராம். இவர் போய்க் கேட்டிருக்கிறார். ஒரு மதியம் செய்து காட்டு என்றார்களாம். கேதீஸ் லா சப்பலுக்கு வரமுதல் ஆறு வருடம் பிரெஞ்சு உணவகங்களில் வெட்டிக் கழுவிச் சமைத்தவர். அதை நானே மறந்துபோயிருந்தேன்.

வியாழன் மூன்றரைக்குத் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. தொண்ணூறு தட்டு போனதாம்.

"எப்பிடி இருந்தது?"

"சனம் சத்தம். குசினிப் பெரியவர் கொஞ்சம் கோவக்காரன். ஆனால் சுகி, அங்கை குசினிக்கு யன்னல் இருக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. லா சப்பலில் அவர் சமைத்த குசினி நிலக்கீழ் அறையில். பன்னிரண்டு வருடம். குளிர்காலத்தில் விடியமுதல் இறங்கி, இருட்டிய பிறகு ஏறி வருவார். ஒருநாளும் இதைப் பற்றி முறையிட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

"வெங்காயம் வெட்டேக்கை நிமிந்து பாத்தன், பனி கொட்டுது. வெட்டினதை விட்டுட்டுப் பாத்துக்கொண்டு நிண்டன். பெரியவர் அதுக்குத்தான் ஏசினவர்."

"உங்களுக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கோ?"

"பிடிச்சிருக்கெண்டு ஆர் சொன்னது? குளிர், ஒரு தமிழ்ச்சனம் இல்லை. ஆனால் வேலை தாறம் எண்டு சொல்லுறாங்கள். கோடைக்கும் சேத்து. நீர் காலைச் சுகப்படுத்தும், நான் முதல் வந்து பாக்கிறன்."

வெள்ளிக்கிழமை இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொன்னேன். அந்த அம்மா, அந்த இடத்தை ஆறு மாதம் காலியாக வைத்திருக்க முடியாது, உறுதி தர மாட்டேன் என்றார். பிறகு, "செப்டெம்பரில் என்னைக் கூப்பிடுங்கள். இங்கே இடம் இல்லாமல் போனதாக எனக்கு நினைவில்லை" என்றார். அந்த ஒரு வசனத்தை நம்பித்தான் நாங்கள் வீடு மாறினோம். புத்தியுள்ளவர்கள் அப்படிச் செய்யக் கூடாது, எங்களுக்குச் சரிவந்தது. மார்ச்சில் பாரிசில் சத்திரசிகிச்சை. ஜூனில் கேதீஸ் முதலில் போனார். ஓகஸ்ட் கடைசியில் நானும் ஆரணியும் போனோம். ஒக்டோபரில் தற்காலிக ஒப்பந்தம் கிடைத்தது. நிரந்தரம் ஒன்றரை வருடம் கழித்து.

இனிப் போக நினைப்பவர்களுக்கு. வேலை கிடைப்பதை விட வீடு கிடைப்பது கஷ்டம். கோடையில் மலிவாக ஒரு வீட்டைக் காட்டுவார்கள். டிசெம்பரில் சுற்றுலாக்காரருக்குக் கொடுக்க உங்களை வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள். முழு வருட ஒப்பந்தம் என்று எழுத்தில் இல்லாமல் பெட்டியைக் கட்ட வேண்டாம். எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது, ஊருக்கு மூன்று கிலோமீற்றர் தள்ளி, அறுபத்திரண்டு சதுர மீற்றர். வீடு பார்க்க டிசெம்பரில் போங்கள். கோடையில் வெயில் அடிக்கும் வீடு, மார்கழி தையில் மலை நிழலுக்குள் இருக்கும். எங்கள் வீட்டுக்கு ஐந்து கிழமை வெயில் இல்லை. கார் இல்லாமல் சீவிக்க ஏலாது. நான் நாற்பது வயதில் அனுமதிப்பத்திரம் எடுத்தேன். குளிர்கால டயர் நாலும் 340 யூரோ.

மீட்புக் காப்புறுதியை மறக்காதீர்கள். நாளுக்கு மூன்று யூரோ. சீட்டு வாங்கும்போது வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். சறுக்குவண்டிக்கும் அம்புலன்சுக்கும் எனக்கு வந்த கணக்கு அறுநூறைத் தாண்டியது. எல்லாம் காப்புறுதி கட்டியது.

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை. அரிசி, மிளகாய்த்தூள் லா சப்பலில் இருந்து வரும். கறிவேப்பிலையை உறைய வைக்கிறேன். இழந்ததையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு இல்லை. ஆரணிக்கு எழுத்து மறந்துகொண்டு வருகிறது, நான் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால் இருவரும் சண்டை பிடித்துக்கொண்டு எழும்புகிறோம். கேதீசுக்கு முதல் நவம்பர் மிக மோசம். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு சிநேகிதர்களோடு இரண்டு மணித்தியாலம் கதைத்துவிட்டு, நேரே கட்டிலில் போய்ப் படுத்துவிடுவார். இந்தச் செலவைச் சீட்டு விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

மீண்டும் சறுக்க வைத்தியர் அனுமதி தந்தது 2018 பெப்ரவரியில். வேலை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தனியாக மேலே போனேன். ஒருத்தருக்கும் தெரியாது என்று நினைத்தேன். காலையில் சப்பாத்தைத் தேடியதைக் கேதீஸ் கண்டிருக்கிறார். பிள்ளைகள் பழகும் பச்சைப் பாதையின் உச்சியில் நின்றேன். வலப்பக்கம் திரும்புவதற்கு இடது காலில் பாரம் போட வேண்டும். அதைச் செய்ய எனக்குப் பதினைந்து நிமிடம் எடுத்தது. செய்தேன். முழங்கால் தாங்கியது. பிறகு இன்னொரு திருப்பம். ஐந்து வயதுப் பிள்ளைகள் வரிசையாக என்னைக் கடந்து போனார்கள். பத்து நிமிடப் பாதையை முக்கால் மணித்தியாலத்தில் இறங்கி, பனியில் இருந்துகொண்டு கேதீசின் குசினிக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.

"இறங்கிட்டன்" என்றேன்.

"விழுந்தனீரே?"

"இல்லை."

"அப்ப ஏன் எனக்குப் போன் எடுத்துக்கொண்டு நிக்கிறீர்? திரும்ப ஏறும்."

ஏறினேன்.