முதுகுக்குப் பின்னால் ஒரு கடிகாரம்

போன ஆண்டு தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடியிருந்தோம். முறுக்கு சாப்பிட்டு முடித்ததும், பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மைக்கில் கடி ஜோக் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. பத்திரிகையில் வெகுகாலம் சிறுவர் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவன் என்பதால் என்னை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

கடி ஜோக் கேட்பதில் ஒரு வழக்கம் உண்டு. விடை தெரிந்தாலும் பெரியவர்கள் யோசிப்பதுபோல் பாவனை செய்து, "தெரியலையே!" என்று சொல்ல வேண்டும். அதுவரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழு வயது இருக்கும், ஒரு சிறுமி வந்தாள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். ஒருவர் மைக்கை அவள் வாயருகே பிடித்தார்.

"கடிக்காத கடி எது?"

எத்தனையோ முறை அச்சுக்கு அனுப்பிய துணுக்கு. "கடிகாரம்!" என்றேன், சத்தமாக.

"சார்கிட்ட போய் கேக்கலாமா லா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பி அவர்களுக்குக் கையசைத்தேன்.

மறுபடி பார்த்தபோது சிறுமி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். சொல்வதற்கு அவளிடம் எதுவும் மிச்சமில்லை. போகத் திரும்பியபோதுதான் கையில் இருந்ததைக் கண்டேன். கேக் பெட்டி அட்டையில் வெட்டி, வண்ணம் தீட்டிய கடிகாரம். விடை சொல்லும்போது தூக்கிக் காட்ட வைத்திருந்திருக்கிறாள்.

அவள் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல சார். வீட்ல இங்கிலீஷ்தான் பேசுவா. ஒரு வாரமா இத மட்டும் தமிழ்ல கேட்டுட்டே இருந்தா. நாங்களும் ஒவ்வொரு தடவையும் தெரியலன்னே சொன்னோம்."

குனிந்து சிறுமியிடம், "இன்னொண்ணு கேளும்மா, அங்கிள் சொல்லமாட்டேன்" என்றேன்.

"வேணாம் அங்கிள். உங்களுக்குத்தான் ஆன்சர் தெரியுமே."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். அட்டைக் கடிகாரம் அம்மாவின் பைக்குள் போய்விட்டது.

இப்போதும் லிஃப்டில் பார்த்தால் "ஹாய் அங்கிள்" என்கிறாள், ஆங்கிலத்தில் பள்ளிக்கதை பேசுகிறாள், கடி ஜோக் மட்டும் கேட்பதில்லை. ஒரு குழந்தைக்காகக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாதவனாக இருக்க என்னால் முடியவில்லையே என்பது ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.