மஞ்சுவின் புள்ளிகள்

மாம்பழ மஞ்சளில் விரல் நீளத்துக்கு ஒரு லைனிங் துணித் துண்டு. ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் மூடிமேல் டேப் போட்டு அதை ஒட்டி வைத்திருந்தாள் பெரியம்மா. முதல் தடவை பார்த்தபோது கடைச் சாமான் என்றுதான் நினைத்தேன். சங்கரன்கோவிலில் அவள் நடத்துவது மேட்சிங் சென்டர். சேலையைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும், அலமாரியைத் திரும்பிப் பார்க்காமலேயே கையைப் பின்னால் நீட்டி அதே நிறத்தில் ஜாக்கெட் துணியை உருவிப் போடுவாள். ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தது துணி இல்லை, பாம்பு. பால் பைத்தான் என்கிற சின்ன ஜாதி மலைப்பாம்பு. பயந்துவிட்டால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும், கடிக்க வராது. அண்ணன், அதாவது பெரியம்மாவின் ஒரே மகன், கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது குட்டியாக வாங்கி வளர்த்தது. வனத்துறையில் பதிவு செய்த காகிதமெல்லாம் பீரோவில் பத்திரமாக இருந்தது. மஸ்கட்டில் இரண்டு வருட வேலை கிடைத்ததும் அவன் அதைக் கொண்டுவந்து அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். மஞ்சள் நிறமாக இருந்ததால் பெரியம்மா அதற்கு மஞ்சு என்று பேர் வைத்தாள். வந்த முதல் நாளே அதன் முதுகு நிறத்துக்குச் சரியாக ஒரு துணியை வெட்டி மூடியில் ஒட்டிவிட்டாள். "குடுத்தது குடுத்தபடி திருப்பிக் குடுக்கணும்லா?" என்றாள், யாரோ தைக்கக் கொடுத்த சேலையைப் பற்றிச் சொல்வதுபோல.

அவள் பாம்பு வளர்த்த விதத்தை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். முட்டைகூட ஏறாத அடுப்படி அவளுடையது. அதே வீட்டுப் பின்கட்டில், எலி வைப்பதற்கென்றே குட்டி ஃப்ரிட்ஜ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சுவுக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் சாப்பாடு. அந்தப் பத்தாம் நாள் செவ்வாயிலோ வெள்ளியிலோ வந்தால் மறுநாளைக்குத் தள்ளிவிடுவாள். "அதுக்கும் அன்னைக்கு விரதந்தான். நான் கெடக்கலையா?" உறைந்த எலியை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, இடுக்கியால் பிடித்து நீட்டும்போது முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். கை கொஞ்சமும் ஆடாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்புவாள். அவனும் பார்த்த உடனே பதில் போடுவான்.

மாற்றத்தை முதலில் கண்டதும் அவள்தான். ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, இங்கன வா. இது எங்கயாவது ஒத்துப்போகுதா பாரு" என்று துணித் துண்டைப் பாம்பின் முதுகுக்குப் பக்கத்தில் பிடித்தாள். போகவில்லை. மாம்பழ மஞ்சள் மங்கிப் பழைய சந்தனம்போல ஆகியிருந்தது. மஞ்சளுக்கு இடையே இளம் ஊதா கலந்து ஓடிய பட்டைகள் பழுப்பாகிக்கொண்டிருந்தன. அதைவிட மோசம், கழுத்துக்குக் கீழே மிளகைத் தூவினாற்போல ஏழெட்டுக் கறுப்புப் புள்ளிகள். நான் அப்போது விலங்கியல் இரண்டாம் வருடம். எதைக் கேட்டாலும் கேட்டு முடிக்கும் முன்னால் பதில் சொல்லிவிடுகிற வயசு. அந்த வாரம்தான் பூஞ்சை பற்றி ஒரு பாடம் முடித்திருந்தேன். குனிந்து அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "பூஞ்சை, பெரியம்மா. ஈரம் ஜாஸ்தியாயிருக்கும். பராமரிப்பு சரியில்லைன்னா இப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டேன். பெரியம்மா துணித் துண்டை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். "அண்ணங்கிட்ட சொல்லிராத" என்றாள்.

அன்றிலிருந்து வேறு ஆளாகிவிட்டாள். பெட்டியைத் தினமும் துடைத்தாள். தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு வேளை மாற்றினாள். பாம்பு சட்டை உரித்தால் சரியாகிவிடும் என்று நம்பிக் காத்திருந்தாள். உரிந்த சட்டையை எடுத்து, ஓட்டை இருக்கிறதா என்று துணியைப் பார்ப்பதுபோல டியூப்லைட்டுக்கு நேரே விரித்துப் பிடித்தாள். கண்ணாடிபோல இருந்தது சட்டை. உள்ளே மஞ்சு புதுசாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. பளபளப்பில் புள்ளிகள் இன்னும் நன்றாகத் தெரிந்தன. எண்ணிக்கையும் கூடியிருந்தது.

பிறகு ஒருநாள் கோயிலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் முதல் மருந்து கோயில் புற்றுமண்தான். வீட்டுப் பக்கம் பாம்பு வந்தால் தகட்டில் செய்த பாம்பு உருவம் ஒன்று வாங்கி உண்டியலில் போடுவார்கள். உருவம் விற்கும் அம்மாள் வழக்கம்போல, "வீட்ல பாம்பு நடமாட்டமாக்கா?" என்று கேட்டாள்.

"நடமாட்டம் எங்க இருக்கு? பொட்டியிலதான் கெடக்கு. அதுக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

"எதுக்கு?"

"பாம்புக்குத்தான். மேலெல்லாம் கறுப்பு கறுப்பா வருது."

அந்த அம்மாள் கையில் எடுத்த தகட்டை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பாம்புக்கே பாம்பு வாங்கிப் போடுதியளா! இத்தன வருசமா விக்கேன், இப்படி ஒரு வேண்டுதல் கேட்டதில்லையே" என்றவள், கொஞ்சம் யோசித்து, இருந்ததிலேயே வளைவு சரியாக இருந்த ஒன்றைத் தேடிக் கொடுத்தாள். பெரியம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து புற்றுமண்ணைக் குழைத்து மஞ்சுவின் முதுகில் மெல்லத் தடவினாள். மஞ்சு ஊர்ந்துபோய்த் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு படுத்துக்கொண்டது. மண்ணெல்லாம் கரைந்துபோயிற்று. புள்ளிகள் அப்படியே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டோக்கள் மட்டும் நிற்கவில்லை. போனில் பழைய படங்கள் கிடந்தன. அதிலிருந்து வாரம் ஒன்றாக எடுத்து அனுப்பினாள். எல்லாவற்றிலும் மஞ்சு மாம்பழ மஞ்சள். "அங்கன தனியாக் கெடந்து ஒழைக்கான். நான் ஒரு உயிரப் பாக்கத் தெரியாம கெடுத்துட்டேன்னு அவனுக்கு எப்படிட்டி சொல்லுவேன்?" என்று என்னிடம் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கல்லூரி மூன்றாம் வருடத்தில் பாம்பு வளர்க்கிற ஒருவருடைய வீடியோவைத் தற்செயலாகப் பார்த்தேன். இந்த நிற வகை குட்டியாக இருக்கும்போதுதான் அப்படி ஜொலிக்குமாம். வயசு ஏற ஏற மஞ்சள் அடங்கும், ஊதா பழுப்பாகும், மிளகு தூவினாற்போலப் புள்ளிகள் வரும், வந்துகொண்டே இருக்கும். நோய் இல்லை. வளர்கிறது, அவ்வளவுதான். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினேன். மூச்சு வாங்க நான் சொன்னதையெல்லாம் பெரியம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் தலையைத் தடவி, "எனக்காகச் சொல்லுத. நல்ல புள்ள" என்றாள். வீடியோவைக் காட்டினேன். "அது வேற பாம்பு" என்றாள். முதல் நாள் அவ்வளவு அழுத்தமாகச் சொன்னவளும் நான்தானே. அந்த வார்த்தையை அவள் மனசிலிருந்து உரித்தெடுக்க என்னால் முடியவில்லை.

வேலை முடிந்து அண்ணன் வந்தது ஒரு மத்தியானம். நானும் அங்கே இருந்தேன். பயணப் பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே பெரியம்மா பின்கட்டுக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "மொதல்ல கையக் கழுவு. சாப்பிடு."

அவன் அவள் தோளைப் பிடித்தான். "எம்மா, எனக்கு எல்லாம் தெரியும். நீ மனசு கஷ்டப்படாத."

"தெரியுமா?" பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எப்படிலே தெரியும்?"

"போட்டோவ வச்சுத்தான். ஒரு வருசமா பழசையே அனுப்பிட்டு இருக்க. நீ மறைக்கறது தெரியாத மாதிரி நானும் நல்லாருக்குன்னு போட்டுட்டு இருந்தேன். விடும்மா. எங்க பொதச்ச?"

"பொதச்சேனா?" கண்ணீரோடு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏலே, கூறு கெட்டவனே! அது நேத்துதான் முழு எலி ஒண்ணத் தின்னுட்டு உள்ள ஒறங்குது!"

அண்ணன் அவளை மெல்ல விலக்கிவிட்டு உள்ளே போய், பெட்டி முன்னால் தரையிலேயே உட்கார்ந்தான். மூடியைத் திறந்தான். ஏப்பம் விடாத குறையாகக் கிடந்தது மஞ்சு, கருப்பட்டிப் பழுப்பில், உடம்பெல்லாம் புள்ளியாக. அதைத் தூக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவன் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு அழுகையும் சிரிப்புமாக, "இந்த வயசுல புள்ளி வராமலா இருக்கும்! புள்ளியே இல்லாத போட்டோவா வந்துச்சு, அதான் செத்துப்போச்சுன்னு நெனச்சேன்" என்றான். அங்கே ஒரு வருடமாக அவன் செத்துப்போன பாம்புக்குத் துக்கம் அனுசரித்திருக்கிறான். இங்கே ஒரு வருடமாக அவள் உயிரோடு இருக்கிற பாம்பை ஒளித்து வைத்திருக்கிறாள். ஒருத்தரால் ஒருத்தர் மனசு நோகக் கூடாதே என்று.

"யாரும்மா இத சீக்குன்னு சொன்னது?" என்று கேட்டான்.

நான் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெரியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரு சொல்லுவா? நானாத்தான் பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு இலை போடப் போனாள்.

அண்ணன் திரும்ப மஸ்கட் போய்விட்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமை படங்கள் அன்றன்றைக்கு எடுத்தவை. சிலது கலங்கலாக இருக்கும், சிலதில் பெரியம்மாவின் கட்டைவிரல்தான் பாதி. புதுப் புள்ளி வந்தால் வட்டம் போட்டு அனுப்புகிறாள், பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்த மாதிரி. நான் பாளையங்கோட்டையில் மேல்படிப்புப் படிக்கிறேன். யாராவது ஒரு பிராணியைக் காட்டி இதற்கு என்ன என்று கேட்டால், வாய் வரைக்கும் வந்த பதிலை விழுங்கிவிட்டு, "பார்த்துட்டுச் சொல்லுதேன்" என்கிறேன். அதற்குள் பதில் தெரியாதவள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கட்டட்டும்.

நான் எழுதுவதையெல்லாம் அண்ணன் தவறாமல் படிப்பான். இதையும் படிப்பான். அண்ணே, அன்றைக்கு அது பூஞ்சை என்று சொன்னது நான்தான்.