அடுப்பு எரியும் சத்தம்

அமெரிக்காவின் வடக்கே, பெரிய ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் நகரத்துத் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை சிக்னே ஹோகனுக்கு. நாளெல்லாம் முகம் தெரியாதவர்களின் குரல்கள் காதுக்குள் வந்து போகும். அதனாலோ என்னவோ, நியூயார்க்கில் நடக்கும் ‘கேட்டது என்ன?’ என்ற டிவி போட்டிக்கு அவளைக் கூப்பிட்டபோது யாருக்கும் ஆச்சரியமில்லை. அது 1957, மார்ச் மாதம்.

“ஃபிரிட்ஜ் இல்லாம திரும்பி வந்தே, வீட்டுக்குள்ள விடமாட்டேன்,” என்று ரயிலடியில் கணவன் ஆர்விட் வம்பிழுத்தான்.

“கதவைப் பூட்டிக்கோ. சமையல நீயே பாத்துக்கோ,” என்றாள் இவள்.

ஆட்டம் எளிதுதான். போட்டியாளர் இருவர் கண்ணையும் கறுப்புப் பட்டுத்துணியால் கட்டிவிடுவார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். தெரிந்தவர் முன்னாலிருக்கும் மணியை அடித்துச் சொல்ல வேண்டும். சரியென்றால் அவர் பக்கத்துத் தூணில் ஒரு விளக்கு எரியும். தப்பென்றால் எரிந்தது ஒன்று அணையும். ஐந்தாவது விளக்கை முதலில் ஏற்றுபவருக்கு ஃபிரிட்ஜ்.

எதிராளி புரூக்ளினில் செருப்புக் கடையில் வேலை பார்க்கும் மோரிஸ் ஃபெல்ட். கண்ணைக் கட்டும்போதே, “அக்கா, என் வீட்ல ஆறு பேரு. பாத்து விளையாடுங்க,” என்று கிசுகிசுத்தான்.

“எனக்குப் புருஷன் ஒருத்தன்தான் தம்பி. ஆனா ஆறு பேரு சாப்பாடு சாப்பிடுவான்,” என்றாள். அரங்கம் சிரித்தது.

தையல் இயந்திரம், ஈரத்துணியை உதறுவது, பூனை பால் குடிப்பது என்று போய் இருவருக்கும் நாலு விளக்கு எரிந்தது.

கடைசிச் சத்தம் மெல்ல எழுந்தது. சலசலவென்று, கண்ணாடிச் சில்லுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது போல.

சிக்னேயின் கை மணிமேல் அப்படியே நின்றுவிட்டது. பட்டுத்துணிக்குள் இருந்த இருட்டு வெளுத்துக்கொண்டே போனது. அப்பா கலங்கரை விளக்கம் காத்த தீவு. வசந்தத்தில் ஏரிப் பனிக்கட்டி ஊசி ஊசியாகப் பிரிந்து, அலை அசைக்க அசைக்க இப்படித்தான் கரையெல்லாம் சிணுங்கும். அது கேட்டதும் அம்மா பனிக்காலம் முழுக்க அடைத்திருந்த சன்னல்களைத் திறப்பாள். இனிப் படகு வரும், ஆரஞ்சு வரும். மூக்கில் ஆரஞ்சுத் தோலின் வாசனையே வந்துவிட்டது. அம்மாவின் முழங்கை சன்னல் விளிம்பில் இருந்தது. கூப்பிட்டால் திரும்பிவிடுவாள் போலிருந்தது. சிக்னே மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

பக்கத்தில் மணி அடித்தது.

“நெருப்பு! அடுப்புல விறகு எரியுது!” என்றான் மோரிஸ்.

“சரியான விடை!” என்றார் நிகழ்ச்சியை நடத்துபவர். துணியை அவிழ்த்தபோது சிக்னேயின் கன்னம் நனைந்திருந்தது. தோற்றதற்கு அழுகிறாள் என்று பதறிப்போய் மோரிஸ் தன் கைக்குட்டையை நீட்டினான். அவள் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டினாள்.

எல்லோரும் கலைந்தபின் அவள் திரைக்குப் பின்னால் போனாள். சத்தம் எழுப்பும் டொமினிக் அங்கே ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

“ஐயா, அந்த நெருப்பை எங்க வச்சிருக்கீங்க?”

அவர் சட்டைப் பையிலிருந்து மிட்டாய் சுற்றும் கண்ணாடிக் காகிதத்தை எடுத்து மைக் முன்னால் கசக்கிக் காட்டினார். “நெருப்பும் இதுதான், மழையும் இதுதான். உங்களுக்கு என்னம்மா கேட்டுச்சு?”

“எங்க ஏரி.”

டொமினிக் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ரயிலுக்கு நேரமாகும்வரை மாவுப்பையை அழுத்தினால் பனியில் நடக்கும் சத்தமும், தோல் கையுறையை உதறினால் புறா பறக்கும் சத்தமும் எப்படி வரும் என்று செய்து காட்டினார். வண்டியில் வழிநெடுகத் தன் கையுறையை உதறிக்கொண்டே வந்த சிக்னேயைப் பார்த்து எதிரே இருந்த பாதிரியார் இடம் மாறி உட்கார்ந்தார்.

ஊர் திரும்பிய வாரமே உள்ளூர் வானொலி நிலையத்துக்குப் போய்க் கதவைத் தட்டினாள். சனிக்கிழமைக் குழந்தைகள் கதைக்குச் சத்தம் கொடுக்க ஆள் தேவையா என்று கேட்டாள். அவர்களுக்கு அப்படி ஒரு தேவை இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமை மட்டும் அவள் வானொலிக்காரியானாள். அந்த வேலை பல வருஷம் ஓடியது.

முதல் கதையில் ஒரு குதிரை வந்தது. வீடு திரும்பியவளிடம் ஆர்விட், “நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா உன் குதிரைக்கு ஒரு கால் நொண்டுதே,” என்றான்.

“கிழட்டுக் குதிரைடா அது,” என்றாள் சிக்னே, தொப்பியைக் கழற்றிக்கொண்டே. “உன்னைப் பாத்துத்தான் நடக்கப் பழகுச்சு.”