வாலுவின் ஆறு எண்கள்

கணக்கு டீச்சருக்குக் கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான். வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். முப்பது வயதாகியும் வீட்டில் அவனுக்கு 'வாலு' என்றுதான் பெயர். ஒரு மழைநாளில் நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்து அவன் போய்ச் சேர்ந்தான். அவனுடைய போன் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்தது.

திறக்க ஆறு எண்கள் வேண்டும்.

"அவன் பேசினது, பாடினது எல்லாம் அதுக்குள்ளதானே இருக்கும். நீதான் கணக்குல புலியாச்சே, கண்டுபிடிச்சுக் குடுடி," என்றாள் அம்மா.

புலிக்குத் தெரியும், ஆறு எண்களைப் பத்து லட்சம் விதமாகப் போடலாம் என்று. பத்து முறை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தானாக அழிந்துவிடும். ஏதாவது தேதியை வைத்திருந்தால் முப்பத்தாறாயிரத்துச் சொச்சம்தான். ஆனால் வாலு எதை ஒழுங்காகச் செய்தான், இதைச் செய்ய?

விரல் பட்ட தடமாவது தெரிகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் போனைச் சாய்த்துப் பார்த்தாள். எந்த ஆறு எண்கள் என்று தெரிந்தால் போதும், எழுநூற்று இருபதுக்குள் அடங்கிவிடும். கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"ஒரே மண்ணா இருந்துச்சு. புள்ள பொருளாச்சேன்னு ஈரத்துணியால நல்லாத் துடைச்சு வெச்சேன்," என்றாள் அம்மா.

டீச்சர் போனை நிமிர்த்தினாள். "நல்லதும்மா," என்று மட்டும் சொன்னாள்.

அவன் பிறந்த நாளைப் போட்டாள். வேன் வாங்கிய நாளைப் போட்டாள். மூன்றாவதாக அம்மாவின் பிறந்த நாள். அதுவும் இல்லை. தோன்றியதையெல்லாம் போட்டு ஒன்பது முறையும் வீணாகிப் போயின.

"என் பொறந்த நாளப் போட்டியா?" அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் போடலம்மா," டீச்சர் தலை நிமிரவில்லை. "ஒரு தடவதான் பாக்கி இருக்கு."

அம்மா போனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"வேணாம்டி. அதேதான் வெச்சிருப்பான். எனக்குத் தெரியாதா என் புள்ளையப் பத்தி? போட்டுப் பாக்கவே வேணாம்."

அந்த வருடம், எண்களை எத்தனை விதமாக அடுக்கலாம் என்கிற பாடம் வந்தபோது டீச்சர் வேறொரு ஆசிரியரை எடுக்கச் சொன்னாள். போன் சார்ஜ் இறங்கி அணைந்து, அம்மாவின் தலையணைக்கு அடியில் கிடக்கிறது.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அம்மா சொல்வாள்: "கடைசி வரைக்கும் என் பொறந்த நாளத்தான் பூட்டா வெச்சிருந்தான். வேணும்னா இவளக் கேளுங்க."

டீச்சர் ஆமாம் என்று தலையாட்டுவாள்.