மாடிப்படி ஓரத்தில் வெள்ளை கவுன்

வெர்லின் டாக்கெட்டை இரண்டு வருடம் எழுத்தாக மட்டுமே எனக்குத் தெரியும். பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றிப் பேசுவதற்கென்று ஓர் இணையதளம் வைத்திருந்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவளுக்குக் கலிஃபோர்னியாவின் விசேலியா ஊரில் வேறென்ன வேலை? முந்நூறு பேர் வந்துபோவார்கள். பாதிப் பேருக்கு வயது எழுபதுக்கு மேல். எந்தப் படத்தில் யாருடைய தொப்பி காட்சிக்குக் காட்சி மாறுகிறது என்று காலையிலேயே சண்டை ஆரம்பமாகிவிடும்.

வெர்லினுக்கு நட்சத்திரங்கள் மேல் அக்கறையில்லை. கூட்டத்தில் நிற்பவர்கள்தான் அவளுக்கு வேண்டும். நடன அரங்குக் காட்சி ஒன்றைச் சொன்னால் போதும், பின்னால் ஆடுகிறவர்களை வரிசையாகச் சொல்லிவிடுவாள். க்ளெண்டேலில் இருந்த ஆரின் ஃபிஸ்டர் மட்டும்தான் அவளோடு மோதுவான். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டான்.

"அந்தக் காட்சியில தட்டு தூக்கிட்டு வர்றவன் போன படத்துல செத்த போலீஸ்காரன்தான். பந்தயம் வச்சுக்கலாமா?" என்று ஆரின் எழுதுவான்.

"அவன் காது இவ்ளோ பெரிசு இல்ல. கண்ணாடி மாத்துங்க ஆரின்" என்பாள் வெர்லின்.

நாங்கள் சிரிப்போம். அவள் ஏன் பின்வரிசையை மட்டும் பார்க்கிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. 2008 வசந்தத்தில் அவளே எழுதினாள்.

அவளுடைய அம்மா லொரீன், பெரியம்மா ஓப்பல், கைக்குழந்தையாக வெர்லின், மூன்று பேரும் ஓக்லஹோமாவிலிருந்து பஞ்சு பறிக்க பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வந்தவர்கள். வெர்லினுக்கு நான்கு வயதாகும்போது, 1939இல், சினிமாவில் சேரப்போகிறேன் என்று லொரீன் லாஸ் ஏஞ்சலஸுக்குப் பேருந்து ஏறினாள். திரும்பவில்லை. 1942 மே மாதம் ஒரு கடிதம் வந்தது. 'நடனக் காட்சியில் நானும் இருக்கிறேன். மாடிப்படி ஓரம், வெள்ளை கவுன். பார்த்துக்கொள் கண்ணே.' படத்தின் பெயர் இல்லை.

ஓப்பலின் சபையில் சினிமா பார்ப்பது பாவம். இருந்தும் சனிக்கிழமைதோறும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள். மாடிப்படி வரும்போதெல்லாம், "அதோ, அவளா பாரு" என்று காதில் சொல்வாள். வெர்லின் வளர்ந்தாள், கேரட் கட்டும் கொட்டகையில் முப்பத்தொரு வருடம் நின்றாள், ஒரு கல்யாணம் செய்து முறித்துக்கொண்டாள். ஓப்பல் இறந்துபோனாள். தேடுவதை மட்டும் வெர்லின் விடவில்லை. அவளிடம் அம்மாவின் புகைப்படம் ஒன்றே ஒன்று, அதிலும் பாதி முகம் நிழலில்.

அவள் எழுதிய அன்றே தளம் முழுக்க அந்த வேலையில் இறங்கிவிட்டது. மாடிப்படி தெரியும் படங்களையெல்லாம் தேடி அனுப்பினார்கள். வெள்ளை கவுன்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. "இது இல்ல. தோள் அகலம்" என்று ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் போட்டாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அக்டோபரில் ஆரின் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினான். 'லொரீன் டாக்கெட் கிடைச்சாச்சு! ஆவணத்தோட. தளத்துல போடலாமா?' அன்று என் மகள் வீட்டில் பிறந்தநாள் விருந்து, கையில் கேக் கத்தி. ஆவணத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் 'போடு, வெர்லின் சந்தோஷத்துல குதிப்பா' என்று அடித்தேன்.

வீட்டுக்கு வந்து தளத்தைத் திறந்துதான் படித்தேன். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட மருத்துவமனையின் இறப்புப் பதிவு. லொரீன் டாக்கெட், இருபத்தாறு வயது, சலவைக்கூடத் தொழிலாளி. காசநோய். ஜனவரி 1940. உறவு: அக்கா ஓப்பல், பேக்கர்ஸ்ஃபீல்டு. தந்தி கொடுக்கப்பட்டது. உடலைப் பெற யாரும் வரவில்லை.

மேலே ஆரின் எழுதியிருந்தான்: 'எந்த ஸ்டுடியோ பட்டியல்லயும் இவங்க பேரு இல்லைன்னு உறுதி பண்ணிட்டேன். எழுபது வருஷப் புதிர் தீர்ந்துச்சு!' கீழே பதினான்கு பேர் கை தட்டியிருந்தார்கள். படித்துப் பார்க்காமலே தட்டியிருப்பார்கள், என்னைப் போல. பதினைந்தாவதாக வெர்லின்: 'தகவலுக்கு நன்றி.'

உடனே போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே போனேன். பேக்கர்ஸ்ஃபீல்டை ஒட்டிய ஆயில்டேலில், சக்கரத்தின் மேல் நிற்கும் ஒரு டிரெய்லர் வீடு. கதவைத் திறந்தவள் நான் நினைத்ததைவிடக் குள்ளம்.

"நோரீனா? பஸ்காரியா நீ? உள்ள வா."

மேசையில் அந்தக் கடிதம் கிடந்தது. பக்கத்தில் ஓப்பல் எழுதிவைத்த ஒரு சமையல் குறிப்பு அட்டை, சோள ரொட்டிக்கு. இரண்டையும் என் பக்கம் தள்ளினாள். ஒரே கையெழுத்து. சுழி வைக்கிற விதம்கூட ஒன்று.

"அம்மா செத்தது நாப்பது ஜனவரி. கடிதம் நாப்பத்திரண்டு மே" என்றாள். "இந்த அட்டையைப் பார்த்துத்தான் வாராவாரம் ரொட்டி சுடறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்ததில்ல."

"உங்களைத் தேத்தத்தான் எழுதியிருப்பாங்க, வெர்லின்."

"தெரியும். ஏழு வயசுப் பிள்ளைக்கு அது சரி. எனக்கு இருபது வயசாகும்போதும் பக்கத்து சீட்டுல உக்காந்து 'அவளா பாரு'ன்னு சொன்னாளே? நாப்பது வயசுலயும் சொன்னா, நோரீன். தந்தியைக் கையில வாங்கினவ."

ஆரினிடம் போடச் சொன்னது நான்தான் என்பதை அப்போது சொன்னேன். என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"படிச்சுட்டுச் சொன்னியா?"

"இல்ல."

"ம்" என்றாள். காபி போட எழுந்துபோனாள்.

நவம்பரில் அவளை லாஸ் ஏஞ்சலஸ் கூட்டிப்போனேன். யாரும் கேட்டு வராதவர்களின் சாம்பலை மாவட்டம் வருடத்துக்கு ஒரு குழியில் சேர்த்துப் புதைக்கும். கல்லில் பெயர் கிடையாது, வருடம் மட்டும். சிமெண்டில் பதித்த சின்னச் சதுரம். அதன் முன் கையில் கார்னேஷன் பூக்களோடு ஆரின் காத்திருந்தான். கழுத்தில் டையெல்லாம் கட்டி வந்திருந்தான்.

"நான் உங்களுக்கு நல்லது பண்றதா நினைச்சேன், மேடம்" என்றான்.

"உங்க வேலையைச் சரியாத்தான் பண்ணீங்க. ஒரு எழுத்து தப்பில்ல" என்றாள் வெர்லின். "அந்த ஆச்சரியக்குறியை மட்டும் போடாம இருந்திருக்கலாம்."

பூவை வாங்கவில்லை. மண்டியிடவும் இல்லை, அவளால் முடியாது. கைத்தடியை ஊன்றிப் பத்து நிமிடம் நின்றாள்.

திரும்பும் வழியில் வண்டி மலைப்பாதையில் ஏறும்போது திடீரென்று சொன்னாள்: "ரெண்டு மணி நேரத் தூரம்தான், நோரீன். சாகக் கிடந்தவளை ஓப்பல் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம். என்னைத் தூக்கிட்டுப் போயிருக்கலாம். வண்டிச் செலவுக்கு இல்லையோ, நோய் ஒட்டிக்கும்னு பயந்தாளோ. கேக்க ஆளில்ல."

தளத்துக்கு அவள் மறுபடி வரவில்லை. ஆரினும் மெல்ல மெல்ல வருவதை நிறுத்தினான். நான் அடுத்த கோடையில் தளத்தை மூடிவிட்டேன். விருப்பப் படங்களைப் பற்றி யாராவது குதூகலமாக எழுதும்போதெல்லாம் அந்தப் பதினான்கு கைதட்டல்கள் நினைவுக்கு வந்தன.

ஞாயிறுதோறும் அவளுக்குப் போன் செய்வேன். முழங்கால் வலி, வெயில், பக்கத்து வீட்டு நாய், இவைதான் பேச்சு. ஒருமுறை மறந்துபோய், டிவியில் பார்த்துக்கொண்டிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன்.

"வேற ஏதாவது சொல்லு" என்றாள்.

அதன் பிறகு நான்கு வருடம் உயிரோடு இருந்தாள். பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் ஒரே ஒரு எண்தான் இருந்ததாம், என்னுடையது. உடலைப் பெறுவதற்குக் கையெழுத்துப் போட யாராவது வரவேண்டும் என்றார்.

அன்றைக்கே கிளம்பிப் போய்ப் போட்டேன்.