பதினான்காவது நாற்காலி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஜெனோவாவில் அக்கம்பக்கத்தாரிடம் நான் இதைச் சொல்வதே இல்லை. சொன்னால், "பொறாமை பிடிச்சவ, கண்டதையும் பார்ப்பா" என்பார்கள். நான் பொறாமைக்காரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொறாமைக்காரியின் கண்ணுக்குத் தப்புவது குறைவு. அதனால்தான் மணி, நிமிடம் உட்பட எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. இது நடந்தது. எனக்கு நடந்தது.

என் பெயர் ஒர்னெல்லா. போன செப்டம்பரில் குடும்பமும் நண்பர்களுமாக ஏழு நாள் கப்பல் பயணம் போனோம். எங்கள் துறைமுகத்திலேயே ஏறி, மார்செய், பார்சலோனா, பால்மா, பலேர்மோ, நேப்பிள்ஸ் என்று சுற்றிவிட்டு அங்கேயே இறங்குவது. என் கணவன் துல்லியோ, மாமியார் எர்மினியா, கொழுந்தன்மார் இருவரின் குடும்பங்கள், துல்லியோவின் நண்பர்கள் சிலர். அந்த நண்பர்களில் ஒருத்தி நிவேஸ்.

நிவேஸ் துல்லியோவோடு பள்ளியில் படித்தவள். துரினில் விவாகரத்து வாங்கிக்கொண்டு இரண்டு வருடத்துக்கு முன் ஊர் திரும்பினாள். துல்லியோ மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அந்த இரண்டு வருடத்தில் அவள் அங்கே ஐந்து கண்ணாடி வாங்கினாள். அவள் பார்வையில் ஒரு கோளாறும் கிடையாது. அவள் சிரித்தால் துல்லியோவின் காது மடல் சிவக்கும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் காதைப் பார்க்கிறவள் நான். எனக்குத் தெரியாதா? அவளையும் கப்பலுக்கு அழைத்திருக்கிறான் என்று கேட்டபோது என் வயிறு பற்றி எரிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் நான் தோற்றுவிட்டேன் என்று அர்த்தம்.

பதினான்கு பேருக்குப் பதிவு செய்திருந்தோம். கிளம்புகிற அன்று கொழுந்தன் மகளுக்குக் காய்ச்சல், அவள் நின்றுவிட்டாள். பதின்மூன்று பேர் ஆனோம்.

எங்கள் பக்கத்தில் ஒரே மேசையில் பதின்மூன்று பேர் சாப்பிட உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் அதில் ஒருவர் அடுத்த வருடத்தைப் பார்க்க மாட்டார் என்பார்கள். அதற்குப் பரிகாரமும் உண்டு. ஆளில்லாமல் ஒரு நாற்காலி போட்டு, தட்டு வைத்து, பதினான்காக்கிவிடுவது. கப்பல் ஏறிய கையோடு, மாலை 5:10-க்கே, என் மாமியார் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய் பரிமாறுபவரைப் பிடித்துவிட்டாள்.

"மேசை ஓரத்துல போடு தம்பி. தட்டைக் கவிழ்த்து வை." பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "யாரும் அதைத் தொடக்கூடாது. ரெண்டு பேர் நடுவுல வந்துடுச்சுன்னா அதுக்கு ஆள் வந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாப்பாடு இரவு 8:30-க்கு. மேசையில் பெயர் அட்டைகளை நிவேஸ் அடுக்கி வைத்திருந்தாள். துல்லியோவுக்குப் பக்கத்தில் யார்? அவளேதான். நான் 8:10-க்கே கீழே போனேன். இருவருக்கும் நடுவில் நானே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். காலி நாற்காலியை யாராலும் கேலி செய்ய முடியாதல்லவா? ஓரத்தில் இருந்த நாற்காலியை இழுத்து வந்தேன். க்ரீச்... துல்லியோவுக்கும் நிவேஸுக்கும் நடுவில் சுவர் மாதிரி போட்டேன். கவிழ்ந்திருந்த தட்டையும் கொண்டுவந்து நிமிர்த்தி வைத்தேன். என் நாற்காலியையும் பெயர் அட்டையையும் ஓரத்துக்கு மாற்றி, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பேர் முகமும் நன்றாகத் தெரியும்.

மாமியார் வந்தாள். பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"யாருடி இதை இங்க போட்டது?"

"கப்பல் ஆடுது அத்தை. ஓரத்துல இருந்தா விழுந்துடும்."

"விழுந்தா விழட்டுமே, முட்டாளே!"

அதற்குள் உணவு வந்துவிட்டது. உணவு வைத்த மேசையைக் கலைக்கக்கூடாது என்பது அவளுடைய இன்னொரு சட்டம். கெட்டது விலக, முட்கரண்டியின் இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு தட்டிலிருந்த பச்சைத் துவையலைப் பார்த்து, "இது பெஸ்தோவா? புல்லை அரைச்சு வெச்சிருக்கான்" என்றாள். அன்று அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. நாற்காலி தன் வேலையைச் செய்தது. நிவேஸ் எட்டி எட்டிப் பேசிப் பார்த்துவிட்டு அலுத்துப்போனாள். எனக்குப் பரம திருப்தி.

இரண்டாம் நாள் மார்செயில் இறங்கிச் சுற்றிவிட்டுத் திரும்பி, மறுபடி 8:30-க்கு மேசை. எனக்கு சூப் வரவில்லை. பரிமாறுபவர் வரிசையாக வைத்துக்கொண்டு வந்தார். மாமியார் வரை வைத்தார். என்னைத் தாண்டிப் போய்விட்டார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. கூடத்தில் சத்தம் அதிகம், கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

8:52. துல்லியோ இடப்பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தான். நிவேஸோடுதான் என்று பல்லைக் கடித்தேன். ஆனால் நிவேஸ் அவனுக்கு முதுகைக் காட்டி மறுபக்கம் திரும்பி என் கொழுந்தனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

துல்லியோ அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தான்.

மூன்றாம் நாள். உப்பு கேட்டேன் மாமியாரிடம். மூன்று முறை கேட்டேன். தலையைக்கூடத் திருப்பவில்லை. கோபம், நாற்காலியை நகர்த்தியதற்கு. அவள் ஒரு கோபத்தை ஏழு வருடம் காய்ச்சிக் குடிப்பவள். சரி, போகட்டும். எனக்கும் வீம்பு உண்டு. அன்றும் எனக்குத் தட்டு வரவில்லை, கேட்கவுமில்லை. பிறகு மேல்தளத்தில் பீட்சா வாங்கித் தின்றேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். காலி இடத்துக் கோப்பையில் ஒயின் ஊற்றியிருந்தார்கள். 9:04-க்கு நிறைய இருந்தது.

9:16-க்குப் பாதி.

நான்காம் நாள் பால்மாவில் துல்லியோ எனக்கு ஒரு நீலச் சால்வை வாங்கித் தந்தான். திருமணமான புதிதில்கூட இப்படிச் செய்ததில்லை. அறையில் என் கையைப் பிடித்தபடி பாட்டு முணுமுணுத்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? எவளுக்காகவோ இந்தக் குழைவு என்று எனக்குள் கொதித்தது. கையை உருவிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் முழுக்கக் கடல். காலை 11:40. நீச்சல் குளத்தருகே சாய்ந்திருந்தேன். நிவேஸ் வந்து என் எதிரே நின்றாள். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"ஜெயிச்சுட்டே, ஒர்னெல்லா," என்றாள்.

"என்னது?"

"நடிக்காதே. எனக்கு நல்லா வேணும்."

போய்விட்டாள். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் யோசித்தேன். நான் ஜெயிக்கிற மாதிரி என்ன செய்தேன்? ஒன்றுமே செய்யவில்லையே. அப்படியானால் துல்லியோ யாருக்காகச் சிரிக்கிறான்?

அன்று இரவு முதல் நான் நிவேஸைப் பார்க்கவில்லை. காலி நாற்காலியைத்தான் பார்த்தேன். துல்லியோ அதன் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ரொட்டியைப் பிய்த்து ஒரு துண்டை அந்தத் தட்டில் வைத்தான். எதையோ கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். என்னோடு இருந்த இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. எனக்கு பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கண்ணுக்குத் தெரிந்த சக்களத்தியையாவது முடியைப் பிடித்து இழுக்கலாம். இவளை எதைப் பிடித்து இழுப்பது?

ஆறாம் நாள். பலேர்மோவிலிருந்து கிளம்பிய இரவு. விருந்தின் முடிவில் கூடத்து விளக்குகளை அணைப்பார்கள். பரிமாறுபவர்கள் தீப்பொறி சிந்தும் கேக்குகளை ஏந்தி வரிசையாக வருவார்கள். எல்லோரும் மடியில் விரித்த துணியை எடுத்துத் தலைக்கு மேலே சுழற்றிக் கூச்சலிடுவார்கள். எல்லாக் கப்பலிலும் உள்ள வழக்கம்தான்.

9:40. விளக்குகள் அணைந்தன.

கூச்சல். கைதட்டல். தீப்பொறி வெளிச்சத்தில் வெள்ளைத் துணிகள் சுழன்றன. நான் சுழற்றவில்லை. என் துணி மடியில் கிடந்தது. எங்கள் மேசைத் துணிகளை எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது.

பன்னிரண்டு இருக்க வேண்டும்.

பதின்மூன்று இருந்தது.

மறுபடி எண்ணினேன்.

பதின்மூன்று...

துல்லியோவுக்கும் நிவேஸுக்கும் நடுவில் ஒரு துணி சுழன்றுகொண்டிருந்தது. மெதுவாக. மற்றவற்றைவிட ரொம்ப மெதுவாக. அதைப் பிடித்த கை தெரியவில்லை.

பிறகு துணி இறங்கியது. துல்லியோ தலையைச் சாய்த்தான். காதை நீட்டினான்.

கேட்டான்.

அவன் காது சிவந்தது. அந்த வெளிச்சத்திலும் எனக்குத் தெரிந்தது.

"துல்லியோ!" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

ஒருவரும் திரும்பவில்லை.

மாமியாரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குளிர்காற்று பட்டவள் போல.

9:44. விளக்குகள் எரிந்தன.

நடு நாற்காலி காலி. நான் என் முன்னால் பார்த்தேன். தட்டு இல்லை. கோப்பை இல்லை. கத்தி, முட்கரண்டி இல்லை. பெயர் அட்டைகூட இல்லை. வெறும் மேசைவிரிப்பு...

ஓடினேன். அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். மறுநாள் நேப்பிள்ஸ். தலைவலி என்று சொல்லி அன்று சாப்பாட்டுக்கே இறங்கவில்லை. "சரி, அப்புறமா வந்துடு" என்று சொல்லிவிட்டுத் துல்லியோ சீட்டியடித்துக்கொண்டே போனான். மறுநாள் காலை ஜெனோவாவில் இறங்கினோம். அதன்பின் கொஞ்ச நாளில் நிவேஸ் எங்கள் கடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

நடந்ததெல்லாம் என் மனப்பிரமை என்று நானே முடிவு செய்துகொண்டேன். பிப்ரவரி வரை.

பிப்ரவரியில் நிவேஸ் மறுபடி துரினுக்கே குடிபோவதாகச் சொல்லி எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். மாமியாரும் ஒரு கொழுந்தனும் வந்திருந்தார்கள். காப்பி வந்தபோது நிவேஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"உன்மேல எனக்குக் கோபம் போயிடுச்சு, ஒர்னெல்லா. கப்பல்ல எங்க நடுவுல உட்கார்ந்துக்கிட்டு என்ன பேச்சுப் பேசினே! என்னாலயே சிரிக்காம இருக்க முடியல."

"நான் நடுவுல உட்காரலையே. ஓரத்துல, அத்தை பக்கத்துல இருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள், துல்லியோவும்தான். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை.

"முதல் நாள்தான் என் பக்கத்துல இருந்தே," என்றாள். "ரெண்டாம் நாளே நீ நடுவுல போய் உட்கார்ந்துட்டே. ஓரத்து நாற்காலி காலியாயிடுச்சு. நல்லதாப் போச்சு, இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துடுச்சேன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். கடைசி நாள் வரைக்கும் என் பக்கத்துல யாருமே இல்லையே."

"கடைசி நாள் நான் அறையில படுத்திருந்தேன்."

"எது? நீ கானோலி இனிப்பு மூணு தின்னியே?" என்றான் கொழுந்தன்.

குடிக்காத காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது துல்லியோ காரை ஓட்டினான். கடலோர மேம்பாலத்தில் ஏறியதும் சொன்னான்.

"இனிமே சொன்னா தப்பில்ல. கப்பல்லேருந்து இறங்கினதும் நிவேஸோட போயிடலாம்னு இருந்தேன். அவகிட்ட வாக்கும் குடுத்திருந்தேன்."

நான் கார் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தேன்.

"அப்பதான் நீ வந்து பக்கத்துல உட்கார்ந்தே. இருபத்திரண்டு வருஷத்துல அப்படி நீ பேசி நான் கேட்டதில்ல. அந்த ஒரு வாரத்துக்காகத்தான் இன்னும் உன்னோட இருக்கேன், ஒர்னெல்லா." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "விளக்கை அணைச்சப்ப என் காதுல ஒண்ணு சொன்னியே. அதை இன்னொரு தடவை சொல்லேன்."

எனக்கு என்ன தெரியும், அவள் என்ன சொன்னாள் என்று?

மறந்துவிட்டேன் என்றேன். "பொய்" என்று சிரித்தான். அதன்பின் தினமும் கேட்டான். சாப்பிடும்போது, கடையைப் பூட்டும்போது, விளக்கை அணைக்கும்போது. எனக்குத் தெரிந்த இனிய வார்த்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். "அது இல்ல" என்றான். ஒவ்வொரு முறையும் அவன் முகம் கொஞ்சம் வாடியது. என் புருஷன் என்னிடம் இன்னொருத்தியைத் தேடினான். அவளிடமிருந்து அவனை எப்படி மீட்பது என்று நான் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

நேற்று இரவு 8:20. சாப்பிட்டு முடித்தோம். அவன் கேட்கவில்லை. நானே பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"இன்னிக்கு அந்த வார்த்தையைக் கேட்கலையா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். காது மடல் சிவந்திருந்தது.

"இனி எதுக்குக் கேட்கணும்? காலையில எழுப்பும்போது நீயே சொல்லிட்டியே."

முந்தின நாள் மாலையே நான் சவோனாவுக்கு, என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். நேற்று மதியம் 12:50 ரயிலில்தான் திரும்பி வந்தேன்.