பொட்டு வைத்த கை

மலேசியாவில் ஷா ஆலம் ஊரிலுள்ள பிஸ்கட் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு ஒரே இடம், ஒரே வேலை. பெல்ட்டில் ஓடிவரும் பிஸ்கட்டில் உடைந்ததைப் பொறுக்கி எறிய வேண்டும். எறிவதற்கு முன் அதை பெல்ட்டின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டுவேன். எதற்கென்று எனக்கே தெரியாது, பழகிவிட்டது. கிள்ளானிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறுவதே அந்த இடத்துக்காகத்தான். அது போனால் எனக்கு வேறொன்றும் தெரியாது.

போன வருஷம் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தமிழ்ப் பிள்ளைதான். ஒயர் கோத்த கையுறையை எனக்கு மாட்டி, மூன்று மாதம் என் கை போகிற போக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். உங்கள் கைக்கு ஈடே இல்லை என்று புகழ்ந்தாள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோனது, மடச்சி நான். பிறகு என் பக்கத்திலேயே ஒரு ரோபோ கையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் எடுப்பதை அதன் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். சாப்பிடப் போனால்கூட எனக்கு முதுகு கூசும்.

ஆயுத பூஜைக்கு லைனிலுள்ள இயந்திரங்களுக்கெல்லாம் நாங்கள் பொட்டு வைப்பது வழக்கம். அதற்கும் வைத்தேன். பளபளவென்று வட்டமாக இருந்ததை நெற்றி என்று நினைத்தேன். அதுதான் கேமராவாம். மறுநாள் அது நல்ல பிஸ்கட்டையெல்லாம் வாரி எறிந்தது. திட்டு விழும் என்று பயந்தேன். பொய் சொல்வானேன், இனி இதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று உள்ளுக்குள் சந்தோஷமும் பட்டேன்.

அந்தப் பெண்ணோ சிரித்தாள்.

“ஆன்டி, லேப்ல வருஷக்கணக்கா உக்காந்திருந்தாலும் எங்களுக்கு இது தோணியிருக்காது. இன்னும் வைங்க லா, இதுக்கும் பழகிக்கட்டும்.”

ஒரு வாரம் பெரிதும் சிறிதுமாக, ஓரத்திலும் நடுவிலுமாகப் பொட்டு வைத்துக் கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்திருக்கிறேன்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்குள் இன்னும் சில ரோபோ கைகள் வந்துவிட்டன. எட்டுப் பேராக இருந்த லைனில் மூன்று பேர்தான் மிச்சம். இந்த முறை தெரிந்தேதான் வைத்தேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, முழுதும் மூடினால் சந்தேகம் வரும் என்று ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் விட்டு, என் பக்கத்திலிருந்த ரோபோ கையின் கேமரா மேல் அப்பினேன். பூஜை முடிந்து பெல்ட்டை ஓட விட்டார்கள்.

அந்தக் கை ஒரு நொடி நின்றது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அது குனிந்து, உடைந்த பிஸ்கட் ஒன்றை எடுத்தது. பெல்ட்டின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டி எறிந்தது.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, இனி இதுவே பாத்துக்கும். திங்கக்கெழமயிலேருந்து இந்த லைனுக்கு வர வேணாம். போறதுக்கு முன்ன ஆபிஸ்ல பாத்துட்டுப் போங்க.”

விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு தலையாட்டினேன். அதற்குள் அது அடுத்த பிஸ்கட்டையும் எடுத்துத் தட்டியது.